12 லட்சம் வரை வரி இல்லை, பள்ளி நிதிக்கு ஓராண்டுக்கும் மேல் காத்திருப்பு: தேர்தலுக்குப் பிறகு அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்கு என்ன கிடைத்தது?

2024 ஜூன் 4. காலையிலிருந்தே எல்லார் கையிலும் போன். யாருக்கு எத்தனை சீட் என்று நாடே பார்த்துக்கொண்டிருந்தது. அன்று மாலை, யாரும் பெரிதாக எதிர்பார்க்காத இன்னொரு ரிசல்ட்டும் வந்தது: நீட். 67 பேர் 720-க்கு 720. சர்ச்சை அன்றிரவே ஆரம்பித்துவிட்டது.

ஏழு வாரம் கழித்து, ஜூலை 23. புதிய ஆட்சியின் முதல் பட்ஜெட்டை நிர்மலா சீதாராமன் தாக்கல் செய்தார். அதே நாளில், நீட் மறுதேர்வு தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஓட்டும் பரீட்சையும் ஒரே நாள், வரியும் பரீட்சையும் ஒரே நாள். தற்செயல்தான். ஆனால் அந்தத் தேர்தலுக்குப் பிறகு தமிழ்நாட்டில் நடந்த சண்டைகளில் பாதிக்கு மேல் இந்த மூன்றைச் சுற்றித்தான்: ஓட்டு, வரி, பள்ளிக்கூடம்.

இதை எல்லோரும் 'டெல்லி வெர்சஸ் சென்னை' கதையாகத்தான் கேட்டிருப்போம். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதியைப் பார்க்க வேண்டுமென்றால் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் காலை ஷிஃப்டுக்கு இறங்கும் கூட்டத்தைப் பார்த்தால் போதும். ஐடி கார்டு மாட்டியவர், டிஃபன் பாக்ஸோடு லேத் பட்டறைக்குப் போகிறவர், இறங்காமல் ஆவடி வரை போகும் நிரந்தர வேலைக்காரர், எல்லோரும் ஒரே ரயில். ஆனால் கடந்த பட்ஜெட்டுகளும் ஜிஎஸ்டி மாற்றமும் கல்வி நிதிச் சண்டையும் இவர்களை ஒரே மாதிரி தொடவில்லை.

யாருக்கு என்ன கிடைத்தது, எது எவ்வளவு சீக்கிரம் கிடைத்தது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஓட்டு எப்படி விழுந்தது?

நாடு முழுக்க பாஜகவுக்கு 240 இடம். தனிப்பெரும்பான்மைக்கு 272 வேண்டும். தெலுங்கு தேசம், ஐக்கிய ஜனதா தளம் கைகொடுத்ததால் ஆட்சி அமைந்தது. தமிழ்நாட்டில் 39-க்கு 39 தொகுதியும் திமுக கூட்டணிக்கு.

சென்னையின் மேற்குப் புறநகர் இரண்டு மக்களவைத் தொகுதிகளாகப் பிரிந்து கிடக்கிறது. அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர் தொகுதியில் வருகிறது. அங்கே டி.ஆர்.பாலு 4.8 லட்சத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் தனித் தொகுதியில். அங்கே முன்னாள் ஐஏஎஸ் அதிகாரியான காங்கிரஸின் சசிகாந்த் செந்தில் 5.7 லட்சத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் ஜெயித்தார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்பவும் வரும்.

ஒரு சுவாரஸ்யம். சொத்து, பரம்பரை வரி என்று அந்தத் தேர்தலில் அனல் பறந்ததே, அதெல்லாம் தமிழ்நாடு ஓட்டுப் போட்டு முடித்த பிறகுதான். இங்கே வாக்குப்பதிவு ஏப்ரல் 19. அமெரிக்காவில் உள்ள பரம்பரைச் சொத்து வரி பற்றி சாம் பிட்ரோடா பேசி மாட்டிக்கொண்டது ஏப்ரல் 24. 'உங்கள் சொத்தைப் பிடுங்கிவிடுவார்கள்' என்று பாஜக பிரசாரம் செய்ய, 'அப்படி எங்களுக்குத் திட்டமே இல்லை' என்று காங்கிரஸ் மறுக்க, பணக்காரர்கள் மீதான வரி என்ற பேச்சே அத்தோடு அடங்கிப்போனது.

மூன்று வீடு, ஒரு கணக்கு

கணக்குக்காக மூன்று வீடுகளை எடுத்துக்கொள்வோம். மூன்றுமே கற்பனை. வரி விகிதங்கள் மட்டும் நிஜம்.

பூந்தமல்லி வீடு: ஐடி வேலை, வருடச் சம்பளம் 12.75 லட்சம். குழந்தை தனியார் சிபிஎஸ்இ பள்ளியில்.

ஆவடி வீடு: பாதுகாப்புத் துறை தொழிற்சாலையில் நிரந்தர வேலை, வருடச் சம்பளம் 9.75 லட்சம். குழந்தை கேந்திரிய வித்யாலயாவில். திருநின்றவூர் தாண்டி 2004-ல் வாங்கிப் போட்ட ஒரு மனையும் உண்டு.

அம்பத்தூர் வீடு: எஸ்டேட்டில் கான்ட்ராக்ட் வேலை, மாதம் 16,000. வருடத்துக்கு 1.92 லட்சம். பெரியவள் அரசுப் பள்ளியில். சின்னவனை எல்கேஜி சேர்க்க வேண்டும்.

2025 பிப்ரவரி 1 பட்ஜெட்டில் அந்தப் பெரிய அறிவிப்பு வந்தது. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமான வரி கிடையாது. நிலையான கழிவையும் சேர்த்தால் மாதச் சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை. டெல்லி சட்டமன்றத் தேர்தலுக்கு நான்கு நாள் முன்னால் வந்த அறிவிப்பு என்பதையும் பலர் கவனித்தார்கள்.

பூந்தமல்லி வீட்டுக்கு: புதிய வரி முறையில் முந்தைய ஆண்டு வரி 80,000. செஸ்ஸோடு 83,200. இப்போது பூஜ்யம்.

ஆவடி வீட்டுக்கு: அதே முறையில் 41,600 கட்ட வேண்டியிருந்தது. இப்போது பூஜ்யம்.

அம்பத்தூர் வீட்டுக்கு: அப்போதும் பூஜ்யம், இப்போதும் பூஜ்யம். லாபம் ஒன்றும் இல்லை.

இதில் தப்பில்லை, வருமான வரியே கட்டாதவருக்கு வருமான வரிச் சலுகை எப்படிக் கிடைக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்தச் சலுகையால் அரசுக்குக் குறையும் நேரடி வரி வருவாய் சுமார் ஒரு லட்சம் கோடி ரூபாய் என்று பட்ஜெட் உரையிலேயே சொல்லப்பட்டது. அந்த ஒரு லட்சம் கோடி என்ற எண்ணை ஓரமாக வைத்துக்கொள்வோம்.

'நான் வரியே கட்டறதில்லையே' என்பவரும் கட்டுகிறார்

2024 ஜூலை கடைசி வரை தாக்கலான வருமான வரிக் கணக்குகள் சுமார் 7.28 கோடி. அதிலும் நிறைய பேர் கணக்கு மட்டும் காட்டுகிறவர்கள், வரி கட்ட வேண்டியதில்லை. இதை வைத்துத்தான், 'நாங்க கொஞ்ச பேர் கட்டுறோம், எல்லாரும் அனுபவிக்கிறாங்க' என்ற புலம்பல் வாட்ஸ்அப் குரூப்களில் ஓடுகிறது.

மாதச் சம்பளக்காரர்களின் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2019-ல் கம்பெனிகளுக்கான அடிப்படை வரி 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைக்கப்பட்டது. 2023-24-ல் கம்பெனிகள் கட்டிய வரி சுமார் 9 லட்சம் கோடி. தனிநபர்கள் கட்டியது 10 லட்சம் கோடிக்கும் மேல். கம்பெனியை விட கம்பெனியில் வேலை செய்கிறவர்களிடமிருந்து அதிகம் வருகிறது என்று சொன்னால், அது மிகையில்லை.

ஆனால் 'மத்தவங்க கட்டறதில்லை' என்பது சரியில்லை. அம்பத்தூர் வீட்டுக்காரர் 299 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தால், அதில் ஏறத்தாழ 45 ரூபாய் 60 காசு ஜிஎஸ்டி. அவருக்கும் அதே 18 சதவீதம், பூந்தமல்லி வீட்டுக்கும் அதே 18 சதவீதம்.

பெட்ரோல் இன்னும் தெளிவான உதாரணம். 2025 ஏப்ரல் உயர்வுக்குப் பிறகு லிட்டருக்கு மத்திய கலால் வரி 21 ரூபாய் 90 காசு. வேலைக்குப் போய்வர தினமும் ஒரு லிட்டர், மாதம் 25 நாள் என்று வைத்தால் மாதம் 547 ரூபாய். வருடத்துக்கு 6,570. அம்பத்தூர் வீட்டின் வருமானத்தில் இது 3.4 சதவீதம். அதே ஒரு லிட்டரைப் போடும் பூந்தமல்லி வீட்டுக்கு அரை சதவீதம்தான்.

மாநில அரசும் இதில் சளைத்ததில்லை. தமிழ்நாட்டின் வாட், பெட்ரோலுக்கு 13 சதவீதம், அதற்கு மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு. வண்டி யாருடையது என்று பங்க் மெஷின் கேட்பதில்லை.

2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி குறைந்தபோது அம்பத்தூர் வீட்டுக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. சோப்பு, பேஸ்ட், தலை எண்ணெய், பிஸ்கட் 18-லிருந்து 5 சதவீதம். பள்ளி நோட்டு, பென்சில், ரப்பருக்கு வரியே இல்லை. இது எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்த சலுகை. ஆனால் கோச்சிங் சென்டர் கட்டணத்துக்கு 18 சதவீதம் அப்படியே இருக்கிறது. ஒரு லட்சம் ரூபாய் நீட் கோச்சிங் என்றால் அதற்கு மேல் 18,000 வரி.

நாம் கட்டுவது எங்கே போகிறது?

மத்திய அரசு வசூலிக்கும் வரிகளில் மாநிலங்களோடு பகிர வேண்டிய பகுதி ஒன்று இருக்கிறது. 15வது நிதிக் குழு சொன்னபடி அதில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு. 2026 மார்ச் வரையிலான அந்தக் குழுவின் கணக்கில், அந்த 41-ல் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம், உத்தரப் பிரதேசத்தின் பங்கு 17.939 சதவீதம். அதாவது பொதுப் பானையில் 100 ரூபாய் விழுந்தால் தமிழ்நாட்டுக்கு வருவது ஒரு ரூபாய் 67 காசு.

இதில் ஒரு நுணுக்கம். செஸ், கூடுதல் வரி இரண்டும் அந்தப் பானைக்குள்ளேயே வராது. மேலே சொன்ன பெட்ரோலையே எடுங்கள். 21 ரூபாய் 90 காசில் மாநிலங்களோடு பகிரப்படும் அடிப்படைக் கலால் வரி 1 ரூபாய் 40 காசுதான். மீதி முழுக்க மத்திய அரசுக்கே.

'ஒரு ரூபாய் கொடுத்தால் 29 பைசா திரும்பி வருகிறது' என்ற கோஷம் தேர்தலில் நன்றாக ஓடியது. அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு கம்பெனியின் தலைமை அலுவலகம் சென்னையில் இருந்தால், ஊர் ஊராகச் சம்பாதித்த லாபத்துக்கான வரியும் சென்னைக் கணக்கில் ஏறும். ஆனால் கொடுப்பதை விட வாங்குவது குறைவு என்ற அடிப்படை விஷயத்தில் சந்தேகம் இல்லை.

பள்ளிக்கூட நிதி: எங்கே சிக்கியது?

வரிப் பகிர்வைத் தவிர, திட்டங்களுக்கென்று மத்திய அரசு தனியாகத் தரும் பணம் உண்டு. அதில் ஒன்று சமக்ர சிக்‌ஷா. 100 ரூபாயில் 60 மத்திய அரசு, 40 மாநில அரசு. சிறப்பாசிரியர் சம்பளம், ஆசிரியர் பயிற்சி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான உதவி, தனியார் பள்ளியில் ஏழைக் குழந்தைகளுக்கான 25 சதவீத இடங்களின் கட்டணம் என நிறைய செலவு இதிலிருந்துதான்.

2024-25-க்கு தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய மத்திய பங்கு 2,152 கோடி ரூபாய். வரவில்லை. சுமார் 40 லட்சம் மாணவர்களும் 32,000 பணியாளர்களும் பாதிக்கப்படுவதாக முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

ஏன் வரவில்லை? 'பிஎம் ஸ்ரீ' பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை. அந்த ஒப்பந்தத்தில் தேசிய கல்விக் கொள்கையை முழுமையாக ஏற்க வேண்டும் என்ற ஷரத்து இருக்கிறது. மும்மொழியை ஏற்க முடியாது என்பது தமிழ்நாட்டின் நிலை. கொள்கையை ஏற்றால்தான் நிதி என்ற தொனியில் 2025 பிப்ரவரியில் மத்திய கல்வி அமைச்சர் தர்மேந்திர பிரதான் பேசியதும் சண்டை பெரிதானது.

மத்திய அரசு தன் தரப்புக்கு ஒரு கடிதத்தைக் காட்டுகிறது. 2024 மார்ச் 15 தேதியிட்ட அந்தக் கடிதத்தில், குழு அமைத்து அதன் பரிந்துரைப்படி ஒப்பந்தத்தில் கையெழுத்திட ஆர்வமாக இருப்பதாகத் தமிழ்நாட்டின் தலைமைச் செயலர் எழுதியிருந்தார். மறுநாள் தேர்தல் தேதி அறிவிப்பு. தேர்தல் முடிந்து தமிழ்நாடு பின்வாங்கிவிட்டது என்பது டெல்லியின் குற்றச்சாட்டு. கல்விக் கொள்கை ஷரத்தை நீக்கினால் கையெழுத்திடுகிறோம் என்றுதான் சொன்னோம் என்பது சென்னையின் பதில்.

யார் சொல்வது சரி என்பதை உச்ச நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். வட்டியோடு சேர்த்து 2,291 கோடி கேட்டு தமிழ்நாடு 2025 மே மாதம் அங்கே வழக்குப் போட்டிருக்கிறது. பிஎம் ஸ்ரீ ஒரு தனித் திட்டம், சமக்ர சிக்‌ஷா ஒரு தனித் திட்டம், ஒன்றுக்காக இன்னொன்றை நிறுத்தலாமா என்பதுதான் அதில் மையக் கேள்வி.

இப்போது ஓரமாக வைத்த எண்ணை எடுப்போம். வருமான வரிச் சலுகையின் மதிப்பு ஒரு லட்சம் கோடி. நின்றுபோன பள்ளி நிதி 2,152 கோடி. அந்தச் சலுகையில் சுமார் 2 சதவீதம். 40 லட்சம் மாணவர்களுக்குப் பிரித்தால் தலைக்கு ஏறத்தாழ 5,400 ரூபாய். பூந்தமல்லி வீடு ஒரே ஆண்டில் மிச்சப்படுத்தும் வரி, 15 மாணவர்களின் பங்குக்குச் சமம்.

எல்கேஜி சீட்டுக்கு என்ன ஆனது?

இந்தச் சண்டை நேராக வந்து மோதியது அம்பத்தூர் வீட்டின் சின்னப் பையன் மீது.

கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு. தமிழ்நாட்டில் இதற்கான வருமான வரம்பு வருடத்துக்கு 2 லட்சம். பள்ளிக்குக் கட்டணத்தை அரசு கொடுத்துவிடும். ஏப்ரல், மே வந்தால் இ-சேவை மையங்களில் இதற்கு விண்ணப்பிக்கக் கூட்டம் நிற்கும்.

2025 கோடையில் அந்த விண்ணப்பமே தொடங்கவில்லை. மத்திய நிதி வராததால் முடியவில்லை என்றது மாநில அரசு. கல்வி உரிமைச் சட்டத்துக்கான பணத்தைத் தேசிய கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போடக் கூடாது என்று ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதே நேரம், மத்திய பணம் வரவில்லை என்பதைக் காட்டி மாநிலமும் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்றும் சொன்னது.

செப்டம்பர் கடைசியில்தான் மத்திய அரசு இந்தப் பகுதிக்கான தொகையை விடுவித்தது. சேர்க்கை அக்டோபரில் ஆரம்பித்தது. அதற்குள் காலாண்டுத் தேர்வே முடிந்திருந்தது. கடன் வாங்கியாவது கட்டணம் கட்டியவர்களின் குழந்தைகள் ஏற்கனவே வகுப்பில் இருந்தார்கள். தகுதி இருந்தால் அவர்களுக்குக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று அரசு சொன்னது. கட்ட முடியாமல் அந்த ஆசையையே விட்டவர்களுக்குத் திருப்பித் தர எதுவும் இல்லை.

பூந்தமல்லி வீட்டுக்கு இந்தச் செய்தி போனில் வந்த ஒரு நோட்டிஃபிகேஷன். அந்த வீட்டுக் குழந்தை படிக்கும் பள்ளிக்கு சமக்ர சிக்‌ஷா பணம் தேவையில்லை. ஆவடி வீட்டுக்கும் அப்படியே. கேந்திரிய வித்யாலயாவை மத்திய அரசு நேரடியாக நடத்துகிறது. மொழிச் சண்டையின் பில் மூன்றாவது வீட்டுக்கு மட்டும் போனது.

நீட் விஷயத்திலும் இதே கோடுதான். ஏ.கே.ராஜன் குழு அறிக்கையின்படி, நீட்டுக்கு முன்பு 2016-17-ல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர்களில் தமிழ் வழி மாணவர்கள் சுமார் 15 சதவீதம். 2020-21-ல் அது 2 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்த பிறகுதான் கதவு மறுபடி கொஞ்சம் திறந்தது.

எது எத்தனை நாளில் தீர்ந்தது?

இங்கேதான் விஷயம் சூடாகிறது. ஒரே அரசு, ஏறக்குறைய ஒரே காலம். மூன்று கோரிக்கைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

முதலாவது, மனை விற்றால் வரி. 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் சொத்து விற்பனை லாபத்துக்கான வரி 20 சதவீதத்திலிருந்து 12.5 ஆகக் குறைந்தது. ஆனால் விலைவாசி உயர்வைக் கழித்துக்கொள்ளும் வசதி எடுக்கப்பட்டது. ஆவடி வீட்டுக்காரர் 2004-ல் 4 லட்சத்துக்கு வாங்கிய மனையை 20 லட்சத்துக்கு விற்றால், பழைய முறையில் வரி 1.43 லட்சம், புதிய முறையில் 2 லட்சம். வீடு, மனை வைத்திருப்பவர்கள் கொதித்தார்கள். டிவி விவாதம், மீம், ரியல் எஸ்டேட் சங்கங்களின் மனு என எல்லாம் நடந்தது. பழைய சொத்துகளுக்கு எந்த முறை லாபமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே திருத்தம் வந்தது. சுமார் 15 நாள்.

இரண்டாவது, மெட்ரோ. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு மத்திய அரசின் ஒப்புதல் நீண்ட நாள் இழுத்தது. 2024 செப்டம்பர் 27-ல் ஸ்டாலின் பிரதமரைச் சந்தித்து மூன்று கோரிக்கை வைத்தார்: மெட்ரோ, பள்ளி நிதி, மீனவர் பிரச்சினை. அக்டோபர் 3-ல் 63,246 கோடி ரூபாய் மெட்ரோ திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல். சந்திப்பிலிருந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கலங்கரை விளக்கம் - பூந்தமல்லி பாதை அந்தத் திட்டத்தில்தான் வருகிறது.

மூன்றாவது, அதே மனுவில் இருந்த பள்ளி நிதி. ஓராண்டு தாண்டியும் முழுத் தொகை வரவில்லை. 2025 ஆகஸ்ட் 29-ல் திருவள்ளூர் எம்.பி. சசிகாந்த் செந்தில் இந்தப் பணத்தைக் கேட்டு உண்ணாவிரதம் உட்கார்ந்தார். உடல்நிலை மோசமாகி மருத்துவமனைக்குப் போன பிறகு, சில நாட்களில் முடித்துக்கொண்டார். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் எம்.பி. அவர்தான். அந்த நாட்களில் இங்குள்ள அபார்ட்மென்ட் குரூப்களில் பெரும்பாலும் எதைப் பற்றிப் பேச்சு ஓடியது என்று வாசகர்கள் தங்கள் போனையே திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றும் ஒரே மாதிரியான கோரிக்கை இல்லை என்பது சரிதான். மனை வரி ஒரு சட்டத் திருத்தத்தில் முடிகிற விஷயம். பள்ளி நிதிக்குப் பின்னால் மொழிக் கொள்கை என்ற பெரிய முடிச்சு இருக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசத்தை மறைக்க முடியாது. மனை வரியால் பாதிக்கப்பட்டவர்கள் யாருக்கு ஓட்டுப் போட்டாலும் ஒரே குரலில் கத்தினார்கள். பள்ளி நிதியில், கத்தினால் கேட்கும் இடத்தில் இருக்கும் பெற்றோர்களின் குழந்தைகள் அந்தப் பள்ளிகளில் இல்லை.

ஆவடியில் ஆரம்பித்த ஒரு கதை

வரியையும் வர்க்கத்தையும் பற்றிப் பேசும்போது ஆவடியைத் தாண்டிப் போக முடியாது. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு ஆவடியில்தான் நடந்தது. 'சோஷலிச பாணியிலான சமுதாயம்' அமைப்பதே இலக்கு என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. அப்போது சென்னை மாகாண முதல்வர் காமராஜர்.

அதற்கு இரண்டாண்டு முன்பே எஸ்டேட் வரி, அதாவது பரம்பரைச் சொத்து வரி வந்திருந்தது. 1957-ல் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி செல்வ வரியைக் கொண்டுவந்தார். எஸ்டேட் வரி 1985-ல் போனது. செல்வ வரியை 2015 பட்ஜெட்டில் அருண் ஜெட்லி எடுத்தார். அவர் சொன்ன காரணம்: 2013-14-ல் அதிலிருந்து கிடைத்தது 1,008 கோடிதான், வசூல் செலவும் தலைவலியும் அதிகம். அதற்குப் பதிலாக ஒரு கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 2 சதவீதக் கூடுதல் வரி. அதில் 9,000 கோடி கிடைக்கும் என்றார்.

வருவாயாகப் பார்த்தால் நல்ல முடிவு. ஆனால் செல்வ வரி மாநிலங்களோடு பகிரப்பட்டது. கூடுதல் வரி பகிரப்படுவதில்லை. பணக்காரர்களிடம் அதிகம் வாங்கிய அந்த முடிவு, மாநிலப் பானைக்கு ஒரு பைசாவும் சேர்க்கவில்லை.

உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் 2024 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவின் மொத்தச் செல்வத்தில் 40.1 சதவீதம் மேல்தட்டு ஒரு சதவீதத்தினரிடம் இருக்கிறது. ஆவடித் தீர்மானத்தின் எழுபதாவது ஆண்டுக்குப் பத்து மாதம் முன் வந்த எண் இது.

சரி, மறுபக்க வாதம் என்ன?

'தமிழ்நாட்டுப் பணம் ஏன் உ.பி.க்குப் போகணும்?' என்ற கேள்வி கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அதே கேள்வியை ஒரு படி கீழே இறக்கிப் பாருங்கள். 'என் வரிப் பணம் ஏன் கும்மிடிப்பூண்டி கிராமத்துப் பள்ளிக்குப் போகணும்?' என்று பூந்தமல்லி வீடு கேட்டால்? இருப்பவரிடம் வாங்கி இல்லாதவருக்குச் சேர்ப்பதுதான் வரியின் வேலை. நிதிக் குழு தன் சூத்திரத்தில் 45 சதவீத மதிப்பெண்ணை வருமான இடைவெளிக்குக் கொடுத்ததன் நோக்கம் அதுதான்.

தமிழ்நாட்டின் நியாயமான புகார், பகிர்வே கூடாது என்பது அல்ல. பகிர்வுப் பானைக்கு வெளியே செஸ், கூடுதல் வரி என்று வளர்வது ஒன்று. குழந்தைகளுக்கான பணத்தில் கொள்கை நிபந்தனை கட்டுவது இன்னொன்று. இரண்டும் சூத்திரத்தில் இல்லாத விஷயங்கள்.

மாநில அரசிடமும் கேட்க வேண்டியது உண்டு. காலை உணவுத் திட்டத்தைச் சொந்தப் பணத்தில் நடத்தும் அரசு, ஏழைக் குழந்தைகளின் எல்கேஜி சேர்க்கையை மட்டும் டெல்லிப் பணம் வரும் வரை நிறுத்தி வைத்தது ஏன்? வழக்கில் ஜெயிக்க அது உதவலாம். அந்த ஆண்டு எல்கேஜி வயதில் இருந்த குழந்தைக்கு மறுபடி அந்த வயது வராது.

அடுத்து எதைக் கவனிக்க வேண்டும்?

மூன்று விஷயம். ஒன்று, 16வது நிதிக் குழு. 2025 நவம்பர் 17-ல் அறிக்கையைக் குடியரசுத் தலைவரிடம் கொடுத்துவிட்டது. 2026 ஏப்ரல் முதல் ஐந்து ஆண்டுக்கு யாருக்கு எவ்வளவு என்பது அதில் இருக்கிறது. தமிழ்நாட்டின் 4.079 என்ற எண் மாறுகிறதா என்பதோடு, செஸ் பற்றி என்ன சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இரண்டு, உச்ச நீதிமன்ற வழக்கு. ஒரு திட்டத்தின் பணத்தை இன்னொரு திட்டத்தின் கையெழுத்துக்காக நிறுத்தலாமா என்பதற்குக் கிடைக்கும் பதில், எல்லா மாநிலங்களுக்கும் பொருந்தும்.

மூன்று, வரும் ஏப்ரல். தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடங்களுக்கான விண்ணப்பம் வழக்கமான நேரத்தில் தொடங்குகிறதா? தலைப்புச் செய்தியாக வராமல் போகக்கூடிய விஷயம் இது. அம்பத்தூர் வீட்டுக்கு மூன்றில் முக்கியமானது இதுதான்.